தாயின் நாடும் மகளின் நாடும்: வள்ளியம்மை வரலாற்றில் விடுபட்ட ஒரு பக்கம்

முன்னுரை

தமிழ் மக்கள் கடல் கடந்து வாழ்ந்த வரலாறு நெடியது. அதனை எழுதப் புகுந்தோர் கப்பல்களையும் தோட்டங்களையும் சங்கங்களையும் தலைவர்களையும் விரித்துரைத்துள்ளனர். ஆயின், குடிபெயர்ந்த தாய்மார் தம் பெண்மக்கள்பால் எதனை எதிர்பார்த்தனர் என்பதும், அயல்மண்ணிற் பிறந்த அப்பெண்மக்கள் தம்மை யார் எனக் கொண்டனர் என்பதும் அவர்தம் எழுத்துகளில் அருகியே காணப்படுகின்றன. இவ்விரு வினாக்களையும் வள்ளியம்மையின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வள்ளியம்மையின் பெயரைக் கேளாத தமிழ் மாணவர் இலர் எனலாம். தரங்கம்பாடியை அடுத்த தில்லையாடியில் அவர்க்கு நினைவு மண்டபம் உண்டு. 2008ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. பள்ளிப் பாடநூல்கள் அவரைப் போற்றுகின்றன. இத்துணைப் புகழுக்கிடையே இரண்டு செய்திகள் மறைந்து நிற்கின்றன. தில்லையாடி என்னும் அடைமொழியோடு வழங்கும் வள்ளியம்மை பிறந்ததும் வளர்ந்ததும் மறைந்ததும் தென்னாப்பிரிக்காவிலேயே. தில்லையாடி அவருடைய பெற்றோர் வழி வந்த ஊர். இஃது ஒன்று. அவருடன் ஒரே அணியிற் சென்று தாமும் அப்போராட்டத்தில் ஈடுபட்டவர் அவர்தம் அன்னை மங்களம் என்பது மற்றொன்று. மகளின் பெயர் நிலைத்தது; தாயின் பெயர் தேய்ந்தது. மகளுக்கு நாம் ஓர் ஊரைச் சூட்டினோம். அவர் பிறந்த ஊரை மறந்தோம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதைக் கீழே காண்போம்.

பதிவேடு வகுத்த பருவம்

சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் தர்பன் துறையை அடைந்தது. அது முதல் 1911ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஊர் என்பன அவ்வெண்ணுக்கு எதிரே எழுதப்பட்டன. கடலைக் கடந்தோர்க்கு அரசு முதற்கண் வழங்கிய அடையாளம் அதுவே.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு உரியது. அது முடிந்தபின் அம்மக்கள் நிலம் வாங்கியும் காய்கறி பயிரிட்டும் தம் முயற்சியால் வாழத் தலைப்பட்டது வெள்ளையர்க்கு உவப்பாக இல்லை. ஆதலின் 1895ஆம் ஆண்டில் ஒரு சட்டம் எழுந்தது. ஒப்பந்தம் முடிந்து, நாடு திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தத்திற் சேராமலும் தங்குவோர் ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்துதல் வேண்டும் என்பது அதன் கருத்து. 1903ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரியை மக்கள் மேலும் ஏற்றியது. ஆண்பிள்ளையாயின் 16 அகவையும், பெண்பிள்ளையாயின் 13 அகவையும் நிரம்பியதும் வரி விழுந்தது. கணவன், மனைவி, பருவமெய்திய மகன், மகள் என நால்வர் உள்ள குடும்பம் ஆண்டுக்கு 12 பவுன், அஃதாவது 240 சில்லிங்கு, கட்ட வேண்டியிருந்தது. அக்காலத்தே ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் பெற்ற உயர்ந்த கூலியே திங்களுக்கு 14 சில்லிங்குதான். பன்னிரு திங்களும் தவறாது உழைத்தாலும் அவன் பெறுவது 168 சில்லிங்கு. வருவாயினும் வரி மிகுந்த இந்நிலை, மீண்டும் ஒப்பந்தத்தில் வீழ்க, இன்றேல் நாடு திரும்புக என்னும் கட்டளையன்றி வேறன்று.

இங்கு நாம் உற்று நோக்க வேண்டியது அப்பதின்மூன்று என்னும் எண்ணை. தமிழ்க் குடும்பத்தில் பெண்ணுக்கு அஃது ஏறத்தாழப் பூப்புப் பருவம். மகள் மங்கையாகும் காலத்தைத் தாய் எதிர்நோக்கியிருப்பது உலகியல். சட்டமும் அதே காலத்தை எதிர்நோக்கியிருந்தது. தாய் மணவினையை எண்ணிய ஆண்டில் அரசு வரிச் சீட்டை எழுதியது. ஒரு பெண் தன்னை இன்னாள் என உணரத் தொடங்கும் அகவையில், நீ வரி கட்டற்குரியவள் என்னும் குரலே அவளுக்கு அந்நாட்டின் முதற் குரலாயிற்று.

மனைவியும் மக்களும்

வரி நேட்டாலின் ஏழை மக்களை வருத்தியது. 1913ஆம் ஆண்டில் வந்த ஒரு தீர்ப்போ இந்தியக் குடும்பம் ஒவ்வொன்றையும் தொட்டது. அவ்வாண்டு மார்ச்சு 14ஆம் நாள், கேப் மாகாண உயர்நீதிமன்ற நடுவர் சியர்ல் என்பார், கிறித்தவ முறைப்படி நிகழ்ந்து பதிவுபெறாத மணங்கள் சட்டத்தின்முன் செல்லா என்னும் பொருள்படத் தீர்ப்புரைத்தார். வழக்கு ஓர் இசுலாமியப் பெண்மணியைப் பற்றியதாயினும் அதன் விளைவு இந்து, இசுலாமியர், பார்சி என்னும் எல்லார்க்கும் பொதுவாயிற்று. தாலி கட்டி வாழ்ந்தோர் சட்டத்தின்படி மனைவியர் அல்லர். அவர் ஈன்ற மக்கள் முறைப்படி பிறந்தோர் அல்லர்.

மகள் இன்னாருடைய மகள் என்பது தாயின் மணத்தைப் பற்றி நிற்பது. தாயின் மணம் பொய்யாயின் மகளின் பிறப்புரிமையும் உடன் பொய்யாகிறது. ஆகவே அத்தீர்ப்பு தாய்க்கு இழுக்கும் மகளுக்கு அடையாள இழப்பும் ஒருங்கே தந்தது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்த இந்திய மாதர் சங்கத்தினர் அவ்வாண்டு மே மாதமே கூடி, இவ்விழிவு நீங்காதாயின் சிறை புகுவோம் என அரசுக்குத் தெரிவித்தனர். திரான்ஸ்வால் தமிழ்ப் பெண்டிர் அவருள் முன்னின்றனர். இவ்வியக்கத்தைப் பெண்கள் பிறருடைய அழைப்பிற்காக மட்டும் புகுந்த இயக்கமாகக் கருதுதல் பொருந்தாது என்பதற்கு இது சான்றாகும்.

பட்டியலில் ஒரு புதுமை

1913ஆம் ஆண்டு அக்டோபரில் திரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்குட் புகுந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு எழுப்பிய முதல் அணியில் பதினொரு பெண்டிர் இருந்தனர். அறுவர் கைக்குழந்தையோடு சென்றனர். காந்தியடிகள் தம் 'தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகம்' என்னும் நூலில் அப்பதினொருவரையும் பட்டியலிட்டுள்ளார். அப்பட்டியலை ஆராய்வார்க்கு ஒரு புதுமை புலனாகும். ஒன்பதின்மர் தம்பி நாயுடுவின் மனைவி, பெருமாள் நாயுடுவின் மனைவி என்றாங்குக் கணவர் பெயராலேயே குறிக்கப்பட்டுள்ளனர். இயற்பெயர் பெற்றவர் இருவரே. இருவரும் மணமாகாத பெண்கள். ஒருவர் மீனாட்சி. மற்றவர் பெயர் 'பைக்கம்' என ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ளது. பாக்கியம் என்பதன் திரிபாகலாம். அவர் முருகேச பிள்ளையின் மகள். அதே பட்டியலில் முருகேச பிள்ளையின் மனைவியும் உள்ளார். இவ்விருவரும் தாயும் மகளும் எனக் கருத இடமுண்டு. அங்ஙனமாயின் மங்களமும் வள்ளியம்மையும் தாயும் மகளுமாய்ச் சென்றது தனி நிகழ்ச்சியன்று. அவ்வியக்கத்தின் இயல்புகளுள் ஒன்றாகும்.

அகப்பாட்டில் தலைவி பெயர் சுட்டப்பெறாமை புலனெறி வழக்கு. எல்லார்க்கும் பொதுவாதல் அதன் பயன். வரலாற்று ஏட்டில் பெயர் சுட்டப்பெறாமைக்கு அத்தகைய பயன் இல்லை. மனைவி என்னும் உரிமைக்காகச் சிறை சென்றோர் மனைவி என்னும் பெயரோடு நின்றுவிட்டனர். மகளிர் இருவரே தம் பெயரால் வரலாற்றில் நுழைந்தனர். வள்ளியம்மையின் பெயர் நிலைத்து மங்களத்தின் பெயர் தேய்ந்தமைக்கு ஒரு காரணம் இதில் அடங்கியுள்ளது எனலாம்.

தாயும் மகளும் சென்ற வழி

வள்ளியம்மையின் தந்தை முனுசாமி முதலியார் ஜோகன்னஸ்பர்க்கில் பழமும் காய்கறியும் விற்கும் கடை வைத்திருந்தவர், தாமும் சத்தியாக்கிரகி. 1913ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் இரண்டாம் பெண்கள் அணி நேட்டாலுக்குப் புறப்பட்டபோது அவர் அறுவை மருத்துவம் செய்துகொண்டு மருத்துவமனையில் இருந்தார். அந்நிலையில் மங்களம் மகளுடன் அவ்வணியிற் சேர்ந்தார். டண்டி, லேடிஸ்மித், மாரிட்ஸ்பர்க், டொங்காட், தர்பன் முதலிய ஊர்களில் அவர்கள் தொழிலாளரைக் கண்டு 3 பவுன் வரியின் கொடுமையை எடுத்துரைத்தனர். டிசம்பர் 22ஆம் நாள் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. பெண்டிர் அடைக்கப்பட்ட மாரிட்ஸ்பர்க் சிறையில் உணவு இழிந்தது. துணி வெளுத்தல் அவர்க்கு இடப்பட்ட வேலை.

இங்கு ஒன்று கருதத்தக்கது. அவ்வரி நேட்டாலுக்குரியது, திரான்ஸ்வாலிற் கடை வைத்திருந்தவரின் மகளாகிய வள்ளியம்மையை அது தீண்டவில்லை. தம்மேல் விழாத வரிக்காக அவர் தொழிலாளரிடையே சென்றார். கூலியின் மகளும் கடைக்காரர் மகளும் ஓரினம் என்னும் உணர்வு அப்பயணத்தில் பிறந்தது. பதிவேட்டின் எண்ணும், வரிச் சீட்டும், நீதிமன்றத் தீர்ப்பும் வகுத்த அடையாளங்கள் பிறரால் எழுதப்பட்டவை. இவ்வடையாளம் அப்பெண் தாமே நடந்து சென்று பெற்றது.

சிறை புகுந்த சின்னாளில் வள்ளியம்மை நோயுற்றார். முன்னதாக விடுவிக்க அதிகாரிகள் இசைந்தபோதும் அவர் மறுத்துவிட்டார். பின்னர்க் கடுங்காய்ச்சலோடு வெளிவந்து, 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் மறைந்தார். அப்போது அவர்க்கு அகவை 16.

மூதின்முல்லையும் இதுவும்

தாய் தன் மக்கள்பால் வைக்கும் உயர்ந்த எதிர்பார்ப்பைப் பாடுதல் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. மறக்குடி மகளிரின் திண்மையைக் கூறும் துறையை மூதின்முல்லை என்பர். தந்தையையும் கணவனையும் போரில் இழந்த ஒருத்தி தன் ஒரே மகனையும் களத்திற்கு அனுப்பியதை ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றில் பாடியுள்ளார். ஈன்று வளர்த்தல் தன் கடன் எனவும், மற்றையோர்க்கு மற்றைய கடன்கள் எனவும் ஒரு தாய் வகுத்துரைப்பதைப் பொன்முடியாரின் பாட்டிற் காண்கிறோம். இப்பாட்டுகளில் தாய் வீட்டின்கண் நிற்கிறாள். மகன் களத்திற்குச் செல்கிறான். மகளிடம் வைத்த எதிர்பார்ப்போ வேறு. மகள் உடன்போக்கிற் சென்றபின் வருந்தும் நற்றாயையும் செவிலியையும் பாலைத்திணையில் மிகுதியாகக் காணலாம். மகன் செல்லுதல் பெருமிதம். மகள் செல்லுதல் துயரம்.

1913ஆம் ஆண்டில் இவ்விரு மரபுகளும் மாறுகின்றன. மங்களம் மகளை அனுப்பவில்லை, உடன் சென்றார். மகள் இல்லம் நீங்கினாள்; தாயோடு நீங்கினாள். எதிர்பார்த்த தாயே அவ்வெதிர்பார்ப்பின் சுமையை முதலில் தன் தோளில் ஏற்றாள். குடிபெயர்ந்தோர் வாழ்வில் விளைந்த இப்புது நிலையை நம் பழந்துறைகள் எவற்றுள்ளும் அடக்குதல் அரிது.

தாயின் எதிர்பார்ப்பு மகளின் உயிரைக் கொண்டதன்றோ எனச் சிலர் வினவலாம். இது புறக்கணித்தற்குரிய வினா அன்று. வள்ளியம்மையின் தியாகத்தைப் பாராட்டும் நாம் பதினாறு அகவைப் பெண் ஒருத்தி நல்லுணவின்றி நலிந்ததையும் மறத்தலாகாது. எனினும் அவ்வினாவிற்கு விடை வரலாற்றிலேயே உளது. மகளை நேட்டாலுக்கு அழைத்துச் சென்றது தாயின் செயல் எனக் கொள்ளலாம். சிறையினின்று நீங்க மறுத்தது மகளின் செயல். தாயின் எதிர்பார்ப்பு சிறைவாயில் வரை உடன் வந்தது. அதன்பின் முடிவு செய்தவர் வள்ளியம்மை. ஒரு மகள் தாயின் விருப்பத்தினின்று வேறுபடாமலே தனக்கென ஒரு துணிவு கொள்ளுதல் கூடும் என்பதை இதனால் அறிகிறோம்.

1914ஆம் ஆண்டின் இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கியது. ஒரு கணவன் ஒரு மனைவி என்னும் அளவில் இந்திய மணங்களையும் ஏற்றுக்கொண்டது. காந்தியடிகள் அவ்வாண்டு சூலை 15ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் எழுப்பிய நினைவுக் கற்களைத் திறந்துவைத்து, 18ஆம் நாள் அந்நாட்டை விட்டு நீங்கினார். மங்களத்திற்கு அச்சட்டம் மனைவி என்னும் பெயரை மீட்டுத் தந்தது. மகளை மீட்டுத் தரவில்லை.

தாய்நாடு என்னும் தொகை

நோய்ப்படுக்கையில் வள்ளியம்மையைக் கண்டு காந்தியடிகள் உரையாடிய செய்தி அவர் நூலில் உளது. சிறை சென்றமைக்கு வருந்துகின்றனையோ என அவர் வினவ, மீண்டும் சிறை செல்லவும் அணியமாக இருப்பதாகவும், தாய்நாட்டிற்காக உயிர் நீத்தலும் தமக்கு உவப்பே எனவும் வள்ளியம்மை விடையிறுத்ததாக அடிகள் எழுதுகின்றார். அடிகள் ஒரு பகுதியை எரவாடாச் சிறையிலும் எஞ்சியதை விடுதலைக்குப் பின்னருமாகக் குசராத்தியில் உருவாக்கிய அந்நூல் 1928ஆம் ஆண்டு சென்னையில் எஸ். கணேசன் அவர்களால் ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது. அவ்வழியே நாம் பெறும் 'தாய்நாடு' என்னும் சொல்லை இலக்கண நோக்கில் ஆராய்தல் பயன் தரும்.

நாம் அத்தொகையைத் தாயாகிய நாடு என விரிப்போம், அது பண்புத்தொகை. பாரதியார் காலந்தொட்டு நம் நாட்டுப்பற்றுப் பாடல்கள் நாட்டையே தாயாகக் கண்டு வணங்கிய மரபு அதற்கு அடிப்படை. வள்ளியம்மையோ இந்நாட்டைக் கண்டறியாதவர். இதன் ஆறும் வயலும் கோயிலும் அவர்க்குக் கேள்வி. அவர் கண்டறிந்தது தாயை. ஆதலின் அவர் வாயில் அச்சொல் தாயினது நாடு என விரிதலே பொருத்தம். அஃது ஆறாம் வேற்றுமைத் தொகை. குடிபெயர்ந்தோர் மகளுக்கு நாடு என்பது தாயின் பேச்சு, தாயின் உணவு, தாயின் பெருமூச்சு என்பவற்றின் வழியே வந்து சேர்வது. அவள் அந்நாட்டை நேசிப்பது தாயை நேசிப்பதன் வேறு பெயர்.

மொழி நிலையும் இதற்கு அரண் செய்கின்றது. 1910ஆம் ஆண்டில் தொடங்கிய தால்ஸ்தாய் பண்ணையில் காந்தியடிகள் தமிழ்ப்பிள்ளைகட்குத் தமிழ் கற்பிக்க நேர்ந்தது. அப்பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர். தமிழ் சிறிதே அறிவர். எழுத்தை அறவே அறியார். போப்பையர் நூலின் துணையால் தாம் கற்ற சிறு தமிழைக் கொண்டு அடிகள் அவர்க்கு அரிச்சுவடி கற்பித்ததாகத் தம் வரலாற்றிற் கூறுகின்றார். தமிழ் எழுத்தைக் குசராத்தியர் ஒருவரிடம் கற்க வேண்டிய நிலையில் ஒரு தலைமுறை இருந்தது. அத்தலைமுறையினர்க்குத் தமிழ் ஏட்டின் மொழியாக வரவில்லை; தாயின் நாவில் வந்தது.

பின்வந்த தலைமுறை

இத்தொடர்ச்சி 1914ஆம் ஆண்டோடு முடியவில்லை. முதல் அணியிற் சென்ற தம்பி நாயுடுவின் மனைவியாரது குடும்பத்தில் மருமகளாக வந்த மனோன்மணி நாயுடு என்பார் 1946ஆம் ஆண்டு அறப்போராட்டத்தில் சிறை சென்றார். அவருடைய மகள் சாந்தி நாயுடு 1969ஆம் ஆண்டு நிறவெறி அரசால் கைது செய்யப்பட்டுத் தனிச்சிறையில் வைக்கப்பட்டார். வின்னி மண்டேலா முதலியோர்க்கு எதிராகச் சான்றுரைக்க மறுத்தமையால் அவர் சிறைவாழ்வு நீண்டது. வள்ளியம்மை இந்தியர் உரிமைக்காகச் சிறை சென்றார். சாந்தி ஆப்பிரிக்கத் தோழியரைக் காட்டிக்கொடுக்க மறுத்துச் சிறையிலிருந்தார். தாயினது நாடு என்பது மகள் பிறந்த நாடாக விரிந்தமையை இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகள் காட்டும்.

இவ்வாராய்ச்சி கடல் கடந்தோர்க்கு மட்டும் உரியதன்று. இக்கட்டுரை எழுதப்பெறும் சிறுசேரிப் பகுதியில், பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கிலும், கணினித் தொழிற்கூடங்கள் எழுந்தபின் பிற மாவட்டங்களினின்றும் பிற மாநிலங்களினின்றும் வந்து குடியேறியோர் பலர். கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் வந்த தாய்மாரும், கணினி வல்லுநராக வந்த தாய்மாரும் அவருள் உளர். தாம் பெறாத கல்வியை, அல்லது தாம் பெற்றதினும் மேலான கல்வியை, மகள் பெறுதல் வேண்டும் என்பது அவரனைவர்க்கும் பொதுவான வேட்கை. அவர்தம் பெண்மக்கள் நம் வகுப்பறைகளில் அமர்ந்துள்ளனர். சொந்த ஊர் யாது என வினவுங்கால் தாயின் ஊரைக் கூறுவதா, தாம் வளர்ந்த ஊரைக் கூறுவதா எனத் தயங்குவோர் அவருட் சிலர். அத்தயக்கத்தைக் குறையாகக் கொள்ளாது ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளுதல் தமிழ்த்துறைகளின் கடமையாகும். தாய்மாரின் வாய்மொழிச் செய்திகளை அவர்தம் இயற்பெயரோடு பதிவு செய்யும் முதுகலை மாணவியர் 1913ஆம் ஆண்டுப் பட்டியலின் குறையை இங்கேனும் நேராமற் காக்கலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். குடிபெயர்ந்தோர் மகளின் அடையாளத்தைப் பதிவேடும் வரியும் தீர்ப்பும் முன்னரே எழுதிவைத்தன. அவற்றை மறுக்கத் தாயும் மகளும் ஒருங்கே புறப்பட்டனர். தாயின் எதிர்பார்ப்பு மகளைத் தளைப்படுத்தாது, அவள் தன் துணிவால் மேற்செல்லும் படியாக அமைதல் கூடும். நாடு என்பது அம்மகளுக்குத் தாய்வழிச் செல்வமாகத் தொடங்கித் தன்வழிச் செல்வமாக முடிகின்றது.

ஆகவே இனி நம் பாடநூல்களில் வள்ளியம்மையின் வரலாற்றை எழுதுவோர் அவர் பிறந்த ஜோகன்னஸ்பர்க்கையும் தில்லையாடியோடு சேர்த்து எழுதுவாராக. மகளுடன் நேட்டாலின் ஊர்தோறும் சென்ற மங்களத்தின் பெயரை அதே பத்தியில் எழுதுவாராக. தில்லையாடி மண்டபத்திற்குச் செல்லும் மாணவர்க்கு அவ்வூர் யாருடைய நினைவின் வழியாக வள்ளியம்மையிடம் சென்று சேர்ந்தது என்பது அப்பொழுதுதான் விளங்கும்.